அவருக்கு முதல் பிடி

இன்று காலை வசந்தி புது அரிசி மூட்டையைப் பிரித்தாள். உனக்குத்தான் தெரியுமே, அந்தத் தையல் நூலில் சரியான முனையைப் பிடித்துவிட்டால் ஒரே இழுப்பில் விர்ரென்று மொத்தமும் கழன்று வந்துவிடும். தவறான முனையைப் பிடித்தால் கத்தரிக்கோல், கத்தி, பல், கடைசியில் பெண்டாட்டியிடம் திட்டு. இத்தனை வருட அமெரிக்க வாழ்க்கையில் எது சரியான முனை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளுக்குத் தெரியும். நூல் வந்தது, மூட்டை வாய் திறந்தது, சாக்கும் தவிடும் கலந்த அந்த வாசனை சமையலறை முழுக்கப் பரவியது. நான் காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

"உங்க ஃப்ரெண்டோட ஆளுக்கு எடுத்துட்டுப் போங்க. அப்புறம்தான் உலை வைப்பேன்" என்றாள்.

"இரு, திவ்யா வரட்டும்" என்றேன்.

"அவ வர பன்னண்டு ஆகும். அதுவரைக்கும் பட்டினியா?"

"கிடப்போம்."

ஒரு பிடி அரிசியை எவர்சில்வர் டம்ளரில் போட்டு மேடையில் வைத்திருக்கிறேன். வெளியே கணுக்கால் வரை பனி. பின்பக்கச் சுவரோரம், தோட்டத்துக் குழாய்க்குக் கீழே உன் கல் பனிக்குள் முங்கிக் கிடக்கிறது. நீ போன பிறகு, மான்மவுத் ஜங்ஷனில் இருந்த உன் டவுன்ஹவுஸை விற்பதற்கு முன்னால் அதை நான்தான் எடுத்து வந்தேன். வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் அது கார் டிக்கியில் உருண்டு, நான் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தது.

உன் மகள் ஒரு கேள்வியோடு வருகிறாள். போன வாரம் போனில் சொன்னாள். உன் பேத்தி இனியாவுக்குத் தமிழ்ப் பள்ளியில் மாறுவேட விழாவாம். டெக்சஸிலிருந்து உன் சம்பந்தி குழந்தைக்குக் கதர்ப் பாவாடையும் கையில் பிடிக்கக் கொடியும் வாங்கி அனுப்பியிருக்கிறாராம். 'அந்தமான் தியாகியின் வாரிசு' என்று மேடையில் சொல்ல நாலு வரி வேறு எழுதி, வீடியோ காலில் மனப்பாடம் பண்ண வைக்கிறாராம். "அங்கிள், ஷீ இஸ் ஃபோர். இதைப் போய் பெரிசு பண்ணணுமா? சொல்லிட்டுப் போகட்டுமே, ப்ளீஸ்?" என்றாள் திவ்யா. நேரில் வா என்று சொல்லிவிட்டேன். வந்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் பசியோடு உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தலைவலியை என் தலையில் கட்டியவன் நீதானே.

முதன்முதலில் நீ அரிசி போட்டதைப் பார்த்தது எடிசன் அபார்ட்மெண்டில். இரண்டு பேரின் குடும்பமும் ஊரிலிருந்து வந்து சேராத காலம். மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாய். பூத்தொட்டி ஓரத்தில் போட்டுவிட்டு வாய்க்குள் ஏதோ சொன்னாய்.

"யாருக்குடா, காக்காய்க்கா? இந்த ஊர்க் காக்கா பர்கர்தான் தின்னும்."

"காக்காய்க்கு இல்ல. அவருக்கு."

"எவருக்கு?"

"இருக்கார் ஒருத்தர்."

அவ்வளவுதான். நீ அழுத்தக்காரன். கல்லுக்குள்ளிருந்து கூடத் தண்ணீர் எடுத்துவிடலாம், உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை எடுக்க முடியாது. எந்த ஊர் என்று கேட்டால் மெட்ராஸ் என்பாய். மெட்ராஸில் எங்கே என்றால் ஹாஸ்டலில் இருந்தேன் என்பாய். பார்சிப்பனி ஆபீஸுக்குச் சேர்ந்து போகும்போது எவனாவது குறுக்கே வண்டியை விட்டால் உன் வாயில் வசவு சுத்த இந்தியில் வரும். சில்லறை எண்ணும்போது ஏக், தோ, தீன். அப்பா ரயில்வேயில் இருந்திருப்பார், வடக்கே வளர்ந்திருப்பாய் என்று நானே ஒரு கதை எழுதி அதையே நம்பிக்கொண்டேன். விடை தெரியாத இடத்தில் சௌகரியமான விடை ஒன்றை நிரப்பிக்கொள்வது நம் ஆட்களுக்குப் பிறவிப் பழக்கம்.

திவ்யாவின் கல்யாணம் வந்தது. உன் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் நானும் வசந்தியும்தான் பெண் வீட்டார். பையன் அவளோடு வேலை பார்த்தவன், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், டெக்சஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் வீடு. முதல் போன் பேச்சு உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஸ்பீக்கரில். சம்பந்தியம்மா கலகலவென்று பேசினார்.

"சாதியெல்லாம் நாங்க கேக்கறதில்லீங்க. காலம் மாறிப்போச்சு. குலதெய்வம் எதுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

வசந்தி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். குலதெய்வத்தைச் சொன்னால் மீதியை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது? நீ ஒரு வினாடி கூட யோசிக்கவில்லை.

"ஐயனாருங்க. திருச்சிப் பக்கம்."

"அட, எந்த ஊருங்க? மொதப் பத்திரிகைய எங்க சாமிக்கு வெச்சுப்போட்டு, அப்படியே உங்க ஐயனாருக்கும் வெச்சுப்போட்டு வந்தர்றோம். ரெண்டு குடும்பமும் சேந்தே போலாமுங்க. அடுத்த மாசத்துக்கு டிக்கெட்டே போட்டாச்சு!"

உன் முகத்தில் ஈயாடவில்லை. ஊர்ப் பேர் மறந்துபோச்சு, அக்காவைக் கேட்டுச் சொல்றேன் என்று எதையோ உளறிப் போனை வைத்தாய். உனக்கு அக்காவே கிடையாது.

தட்டு வரிசைக்குச் சாமான் வாங்க அன்று சாயங்காலம் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போனோம். சனிக்கிழமைக் கூட்டம். வண்டியை நிறுத்தினேன், நீ இறங்கவில்லை. பின்னால் ஒரு வண்டி நம் இடத்துக்காக விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. அந்த ஆள் 'போறீங்களா, போறீங்களா' என்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"எனக்கு ஐயனாரும் இல்ல, திருச்சியும் இல்ல. நான் அந்தமான்" என்றாய்.

"அதுக்கு ஏன்டா முகத்தை இப்படி வச்சிருக்க? போர்ட் பிளேர்ல எத்தனை தமிழாளுங்க!"

"வியாபாரத்துக்குப் போனவங்க இல்ல நாங்க. எங்க கொள்ளுப்பாட்டி கைதி. கப்பல்ல ஏத்தி அனுப்பினது."

"என்ன பண்ணாங்க?"

"புருஷனைக் கொன்னுட்டாங்க."

எனக்கு உடனே வாயில் வந்தது, "படுபாவி, அடிச்சிருப்பான்."

"தெரியாது."

"குடிகாரனா இருந்திருப்பான்."

"தெரியாதுடா! ஏன் அவர் மேல போடற? செத்தது அவர்தானே?"

என்னிடம் நீ கத்தியது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்ற வண்டிக்காரன் பொறுமையிழந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனான். அப்புறம் நீ சொல்ல ஆரம்பித்தாய். இத்தனை வருடம் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியது.

அந்த அம்மாள் எந்த ஊர் என்பது உன் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் கேட்டால் 'ஆத்துக்கு அந்தப் பக்கம்' என்பாராம். எந்த ஆறு என்று சொல்ல மாட்டாராம். மெட்ராஸிலிருந்து கப்பலின் அடித்தட்டில் போனது, பெண்கள் ஜெயிலில் நெய்ததும் அரைத்ததும், சில வருடம் ஒழுங்காக இருந்தவர்களுக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அனுமதி கிடைத்தது, இவ்வளவுதான் உன் அப்பா வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பெண் வேண்டும் என்று மனுப்போட்ட ஆண் கைதிகள் வருவார்களாம். பெண்களை வரிசையாக நிறுத்துவார்களாம். உன் கொள்ளுத்தாத்தா ஒரிசாப் பக்கத்து ஆள், வயல் வரப்புச் சண்டையில் ஒருவனை வெட்டிவிட்டு வந்தவர். இந்த அம்மாளுக்கு முன்னால் வந்து நின்றார். அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்குத் தெரியாது. அம்மாள் தலையை ஆட்டினார். அதுதான் கல்யாணம்.

ஆங்கிலேயன் அவர்களுக்குக் கொடுத்த நிலம் நிலமே இல்லை, காடு. வெட்டித் திருத்தி நெல் போட்டுக்கொள், வரி கட்டு, ஆள் எண்ணும் நாளில் வந்து நில், சீட்டு இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாதே. விலங்கு மட்டும்தான் கழன்றிருந்தது. வருடத்தில் பாதிக்கு மேல் மழை. மரத்தை வெட்டும்போது அட்டை காலில் ஏறினால் உப்பை வைத்துக் கழற்ற வேண்டும், ஆனால் உப்பு சோற்றுக்கே போதாது. மலைக்காய்ச்சலில் பக்கத்துக் குடிசையில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் போய், அவர்கள் வயலில் மறுபடியும் புல் மண்டிவிட்டதாம். நெல் கதிர் பிடித்தால் காட்டுப்பன்றி வரும். மாடு அரசாங்கத்தினுடையது, அது செத்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் முதலில் கற்றுக்கொண்ட பொது வார்த்தைகள் காவல்காரனின் இந்தி வார்த்தைகள்தான்: எழுந்திரு, எண்ணு, போ. அதில்தான் பிள்ளைகளைக் கொஞ்சினார்கள் என்று சொல்லும்போது நீ கார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

முதல் அறுப்பு வந்த அன்றைக்கு அந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். காடு திருத்தும்போது மண்வெட்டியில் தட்டிய கல் ஒன்றை வயல் மூலையில் வைத்திருந்தார். புது நெல்லைக் குத்தி, முதல் பிடி அரிசியை அந்தக் கல்லுக்கு முன்னால் போட்டார். 'உமக்குப் போட்டப்புறம்தான் எங்களுக்கு' என்றார். கொன்ற புருஷனுக்கு. பெயரைச் சொல்லவில்லை, அந்தக் காலத்து மனுஷி புருஷன் பெயரை எப்படிச் சொல்வார்? அதனால் அவர் உங்கள் குடும்பத்தில் வெறும் 'அவர்' ஆகிவிட்டார். ஒரிசாக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார். யார் என்று சைகையில் கேட்டார். அம்மாள் தன் கழுத்துக்குக் குறுக்கே கையை வைத்துக் காட்டினார். அடுத்த வருடம் உழும்போது கல் இருந்த மூலையைச் சுற்றி ஏரைத் திருப்பிக்கொண்டு போனார் உன் கொள்ளுத்தாத்தா. அவர் மகனும் பேரனும் அப்படியே உழுதார்கள்.

"ஊர்ல எல்லார் வீட்டுக்குப் பின்னாலயும் ஒரு கொலையோ கொள்ளையோ இருக்கும். அதனால யாரும் யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் காலேஜுக்கு மெட்ராஸ் வந்தப்புறம்தான்டா, முதல் கேள்வியே ஊர் எது, ஆளுங்க யாருன்னு கேட்டாங்க" என்றாய்.

தண்டனைக் காலம் முடிந்து ஊர் திரும்பலாம் என்று அந்த அம்மாளிடம் சொன்னபோது, அங்கே எனக்கு யார் இருக்கிறார்கள் என்று இருந்துவிட்டார். சுனாமியில் தரை தாழ்ந்து, உங்கள் வயல் உப்புத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. கல்லும்தான். அதற்குப் பிறகுதான் நீ உன் வீட்டுக் கொல்லையில் தேங்காய் அளவுக்கு ஒரு கல்லை வைத்துக்கொண்டாய். நான் அதைத் தோட்ட அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

"இப்ப என்னடா பண்றது?" என்றேன்.

"சொல்லிடறேன். வேற ஐயனாரை எங்க போய் வாங்கறது?"

திவ்யாவிடம் முதலில் சொன்னாய். அவளுக்கு என்னவோ கண்ணெல்லாம் விரிந்தது. "வெய்ட், ஷீ கில்ட் ஹிம்? அப்யூஸிவா இருந்திருப்பான். குட் ஃபார் ஹெர்!" என்றாள். தோழிகளிடம் சொல்ல அவளுக்கு ஒரு வீர நாயகி கிடைத்துவிட்டாள். நீ "தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாய். அவளுக்கு நீ ஏன் முகம் வாடினாய் என்று புரியவில்லை. எனக்கும் அப்போது முழுசாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன்.

பிறகு நீயும் நானும் வசந்தியும் டெக்சஸ் போனோம். நல்ல மனிதர்கள்தான். கறிக்குழம்பும் கச்சாயப் பலகாரமும் வைத்துத் திணறடித்துவிட்டார்கள். சாயங்காலம் சம்பந்தியம்மா எல்லாரையும் நடக்கக் கூட்டிப் போனார். குளம், வாத்து, ஒரே மாதிரி செங்கல் வீடுகள். பாதை திரும்பும் இடத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாம். கைதிகளை, பெரும்பாலும் கறுப்பு மனிதர்களை, ஜெயிலிலிருந்து வாடகைக்கு எடுத்து வேலை வாங்கினார்களாம். செத்தவர்களை வயலோரத்திலேயே புதைத்தார்களாம், பெயர் கூட எழுதாமல்.

"பாருங்க, என்ன பாவம் பண்ணுனவங்களோ. நாங்க வீடு வாங்கறப்ப இது தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்" என்றார் சம்பந்தியம்மா.

நாங்கள் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். நீ அந்தப் பலகைக்கு முன்னாலேயே நின்றிருந்தாய். "என்ன சம்பந்தி, அப்படி என்னத்தப் படிக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் சம்பந்தி.

இரவுச் சாப்பாட்டில், தோசை வந்துகொண்டிருக்கும்போது சொன்னாய். "ஐயனார் விஷயம் பொய்ங்க. எங்களுக்கு ஊர் கிடையாது. எங்க கொள்ளுப்பாட்டியை அந்தமானுக்குக் கைதியா அனுப்பினாங்க. நாங்க அவங்க வம்சம்."

சம்பந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். போச்சு, கல்யாணம் நின்றது என்று நினைத்தேன். மனிதர் நேரே உன்னிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தமான் ஜெயிலா? தியாகி குடும்பங்களா நீங்க? இதைப் போயி மறைப்பாங்களா சம்பந்தி! ஏனுங்க, பொம்பளையாளு, அந்தக் காலத்துல நாட்டுக்காக ஜெயிலுக்குப் போயிருக்காங்கன்னா!"

சம்பந்தியம்மாவின் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தமான் என்றால் நம்மவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதானே. சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஐயனாரை விடப் பெரிய சாமி தானாக நடந்து வந்து உன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. நான் மேஜைக்கு அடியில் உன் காலை ஒரு மிதி மிதித்தேன். நீ காலை இழுத்துக்கொண்டாய்.

"இல்லீங்க. கொலை. கட்டின புருஷனைக் கொன்னுட்டுப் போனாங்க. நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

தோசைக்கல்லில் தோசை கருகிற்று. யாரும் எழுந்து போகவில்லை.

கல்யாணம் நிற்கவில்லை. பையன் ஒரே பிடியாக நின்றான். 'எப்பவோ நடந்ததுங்க, விடுங்க' என்று சம்பந்தி சொன்னார். சம்பந்தியம்மா மட்டும் அதற்கப்புறம் குலதெய்வம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பத்திரிகையை அவர்கள் சாமிக்கு மட்டும் வைத்தார்கள். நீ மான்மவுத் ஜங்ஷனில் உன் கல்லுக்கு முன்னால் ஒரு பத்திரிகையை வைத்து, காற்றில் பறக்காமலிருக்க மேலே அரிசியைப் போட்டாய். நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதோடு முடிந்திருந்தால் நீ நிம்மதியாகப் போயிருப்பாய். டெக்சஸில் ரிசப்ஷன், பெரிய ஹால், ஊரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள். பெண் வீட்டார் யார் எவர் என்று அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே. சம்பந்தி மைக்கைப் பிடித்தார். "நம்ம மருமக சாதாரண எடத்துப் பொண்ணு இல்லீங்க. அந்தமான் ஜெயில்ல இந்த நாட்டுக்காக வாடுன தியாகியோட பரம்பரைங்க!"

ஹால் அதிர்ந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார். ஒரு பெரியவர் வந்து உன்னைக் கும்பிட்டார். ஒரு பையன் உன்னோடு செல்ஃபி எடுத்துக்கொண்டான். மேடையிலிருந்து திவ்யா உன்னைப் பார்த்தாள். நீ கைகூப்பிக்கொண்டு நின்றாய், அவ்வளவுதான். சாப்பாட்டு மேஜையில் அவ்வளவு தைரியமாகச் சொன்னவன், மகள் மாலையோடு நிற்கும் ஹாலில் எப்படிச் சொல்வாய்? யாராலும் முடியாது. நான் இதை உன்னிடம் எத்தனையோ தடவை சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை.

நுவார்க் ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது பேசினாய்.

"கை தட்டினாங்கடா."

"தட்டினா தட்டிட்டுப் போறாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவருக்கு. அவரைக் கொன்னதுக்குக் கை தட்டின மாதிரி இருந்தது. எங்க பாட்டி கொன்னாங்கன்னு சொல்ல உலகத்துல நாங்கதான் மிச்சம். நாங்களும் அதை மாத்திட்டா, அவர் செத்ததே இல்லைன்னு ஆயிடும்ல?"

வண்டியை ஓட்டினேன்.

கணையத்தில் நோய் என்று தெரிந்த பிறகும் நீ அரிசி மூட்டை வாங்குவதை நிறுத்தவில்லை. இரண்டு வாய்க் கஞ்சி இறங்காத மனிதனுக்கு எதற்கு இருபது பவுண்டு அரிசி என்று வசந்தி திட்டினாள். நீ அவருக்காக வாங்கினாய். திவ்யா அப்போது முழுகாமல் இருந்தாள். ஒரு நாள் படுத்தபடியே சம்பந்திக்குப் போன் போட்டு, மைக்கில் சொன்னதை மாற்றி எல்லாருக்கும் சொல்லுங்கள் என்று கேட்டாய். "விடுங்க சம்பந்தி, இப்ப எதுக்கு அதெல்லாம். உடம்பப் பாத்துக்குங்க" என்று அவர் அன்பாகத்தான் சொன்னார். போனை மார்பின் மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மூட்டை பிரிச்சா போட்டுடுடா" என்றாய். சரி என்றேன். எனக்கு யாரென்றே தெரியாத ஒருவருக்கு, எனக்குச் சொந்தமில்லாத ஒருத்தி செய்த கொலைக்காக, நான் இந்தக் குளிரில் அரிசி போட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் பறவைகளுக்கா என்று கேட்பார், ஆமாம் ஆமாம் என்பேன். என் நெஞ்சில் இப்போது ஒரு ஸ்டென்ட் இருக்கிறது. எனக்கப்புறம் வசந்தி போடுவாள். அவளுக்கப்புறம் யார் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது, உன்மேல்.

வாசலில் கார் சத்தம். எழுதுவதை நிறுத்துகிறேன்.

அவர்கள் போய்விட்டார்கள். வசந்தி படுத்துவிட்டாள். நடந்ததைச் சொல்கிறேன்.

திவ்யா உள்ளே வந்ததும் மேடையில் டம்ளரைப் பார்த்தாள். "நீங்க இன்னும் சாப்பிடலையா ஆன்ட்டி?" என்றாள். "உங்க அப்பா போட்ட சட்டம், மாத்த நான் யாரு?" என்றாள் வசந்தி. இனியா கதர்ப் பாவாடையைக் கட்டிக்கொண்டே வந்திருந்தது, மேலே பிங்க் ஜாக்கெட். வந்ததும் எங்கள் முன்னால் நின்று அந்த நாலு வரியை ஒப்பித்தது. மழலையில் 'தியாகி' வரவில்லை. வசந்தி கூடக் கை தட்டக் கையைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்து இறக்கிக்கொண்டாள். திவ்யா அதைக் கவனித்தாள்.

நான் பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. நுவார்க்கிலிருந்து வரும் வழியில் நீ சொன்னதை மட்டும் அவளிடம் சொன்னேன். கை தட்டினார்களே, அது. அவளுக்கு அது தெரியாது. அன்றைக்கு மேடையிலிருந்து பார்த்தபோது நீ சந்தோஷத்தில் கைகூப்பியதாக நினைத்திருக்கிறாள்.

"ஹீ நெவர் டோல்ட் மீ" என்றாள். அப்புறம், "நானும் 'குட் ஃபார் ஹெர்'னு சொன்னேன்ல அங்கிள்" என்றாள். டம்ளரை எடுத்துக்கொண்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன்.

பனியைக் கையாலேயே தள்ளினாள். கல் தெரிந்தது. இனியா குனிந்து பார்த்து, "ஹூ இஸ் இட் ஃபார்?" என்றது.

திவ்யா என்னைப் பார்த்தாள். அவள் குழந்தைக்குப் பக்கத்தில் பனியில் மண்டியிட்டு, தமிழிலேயே சொன்னாள், தடுக்கித் தடுக்கி. "ரொம்ப நாள் முன்னாடி நம்ம பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க இவரைக் கொன்னுட்டாங்க. அவங்க தியாகி இல்ல. இது அவருக்கு."

இனியா யோசித்தது. "டிட் ஷீ ஸே சாரி?"

"இதுதான் சாரி" என்று திவ்யா அரிசியைக் காட்டினாள். பாதியைக் குழந்தையின் கையுறைக்குள் போட்டாள். இரண்டு பேருமாகப் போட்டார்கள். "உமக்குப் போட்டப்புறம்தான் எங்களுக்கு" என்று நான் சொல்ல, திவ்யா கூடவே சொன்னாள். உன் குரலில் கேட்டே அவளுக்கு அது மனப்பாடமாகி இருந்திருக்கிறது. விழாவுக்குக் குழந்தை பட்டாம்பூச்சியாகப் போகுமாம், டெக்சஸுக்குத் தானே போன் பண்ணிச் சொல்வதாகச் சொன்னாள். அவர்கள் என்ன சொல்வார்களோ. அவள் முகத்தில் பயம் இருந்தது.

உள்ளே போகத் திரும்பினோம். இனியா மட்டும் நகரவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு கேட்டது.

"டிட் ஹீ ஸே இட்ஸ் ஓகே?"

நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஓக் ட்ரீ ரோட்டில் காருக்குள் என்னிடம் கத்தினாயே, அதைத்தான். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

"தெரியாதும்மா. அதனாலதான் இன்னும் போடறோம்."